திருவருகைக் காலத்தில் பாவசங்கீர்த்தனம்: முதல் வாரத்திலா, கடைசி மாலையிலா?

வாசலோரம் (இழையைத் தொடங்கியவர்)

ஏறத்தாழ 15 ஆண்டுகளாக நான் டிசம்பர் 24 மாலையில்தான் பாவசங்கீர்த்தனம் செய்து, அதாவது என் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்று, வருகிறேன். வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர், பின்னால் முப்பது பேர் நிற்பார்கள். உள்ளே போய் மண்டியிட்டால் எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். நான் சொல்லும் பட்டியலும் மாறுவதில்லை: கோபப்பட்டேன், பொய் சொன்னேன், செபத்தில் கவனக்குறைவாக இருந்தேன். குருவானவர் 'அருள்நிறை மரியே' என்னும் செபத்தை மூன்று முறை சொல்லச் சொல்வார், சொல்லிவிட்டு நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்விடுவேன்.

இந்த ஆண்டு அந்தப் பட்டியலை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோது, சென்ற ஆண்டு சொன்னதற்கும் இதற்கும் ஒரு சொல்கூட வேறுபாடு இல்லை என்பது உறைத்தது. அதனால் இங்கே இரண்டு கேள்விகளை வைக்கிறேன். உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய தவக்காலம்தானே மனம் வருந்துவதற்கான காலம், பிறகு கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் கொண்ட திருவருகைக் காலத்திலும் ஒப்புரவு அருட்சாதனம் எனப்படும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக வேண்டும் என்று எங்கேனும் விதி இருக்கிறதா? அப்படிப் போவது நல்லதென்றால், கடைசி மாலையில் போவதில் ஏதேனும் குறை உண்டா?

ஏட்டுச்சுவடி

முதல் கேள்விக்குச் சுருக்கமான விடை, அப்படி ஒரு விதி இல்லை என்பதுதான். பகுத்தறியும் வயதை அடைந்த ஒவ்வொருவரும் தம் கனமான பாவங்களை ஆண்டுக்கு ஒருமுறையேனும் அறிக்கையிட வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 989-ஆம் சட்டத்தில் சொல்கிறது. இதன் வேர் 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தின் 21-ஆம் விதியில் இருக்கிறது. அந்தப் பழைய விதி ஆண்டறிக்கையையும் பாஸ்கா (உயிர்ப்பு விழா) காலத்து நற்கருணையையும் சேர்த்தே பேசியதால்தான், பாவசங்கீர்த்தனம் என்றதும் நம் நினைவு தவக்காலத்துக்கும் பாஸ்காவுக்கும் ஓடுகிறது. திருவருகைக் காலத்தை அது குறிப்பிடவே இல்லை.

தவத்துக்குரிய நாட்கள் எவை என்பதை 1250-ஆம் சட்டம் வரையறுக்கிறது: ஆண்டின் எல்லா வெள்ளிக்கிழமைகளும், தவக்காலமும். இலத்தீன் வழிபாட்டு முறையினருக்கு, அதாவது உரோமை மரபுக் கத்தோலிக்கருக்கு, திருவருகைக் காலம் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குள் வரும் வெள்ளிக்கிழமைகள் மட்டுமே உண்டு. வழிபாட்டு ஆண்டு பற்றிய 1969-ஆம் ஆண்டின் பொது நெறிமுறைகளும் இதனைப் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்றே விவரிக்கின்றன.

பழைய பாடம்

ஏட்டுச்சுவடி ஐயா சொன்னதில் பிழை இல்லை. ஆனாலும் விதி எங்கே நிற்கிறதோ அங்கேயே நாமும் நின்றுவிட்டால், திருவருகைக் காலம் நம் காதில் சொல்வது விழாமல் போய்விடும். நான் பல ஆண்டுகள் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் காலத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்குரிய நற்செய்தியை எடுத்துப் பாருங்கள். மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் முதலாண்டு மத்தேயு 3, இரண்டாமாண்டு மாற்கு 1, மூன்றாமாண்டு லூக்கா 3. மூன்றிலும் நம் முன்னால் வந்து நிற்பவர் குழந்தை இயேசு அல்லர், திருமுழுக்கு யோவான். "மனம் மாறுங்கள், ஏனெனில் விண்ணரசு நெருங்கி வந்துவிட்டது" என்பதே அவருடைய அறிவிப்பு. அவரிடம் வந்தவர்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டுத் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். அது அருட்சாதனம் அன்று என்பது எனக்குத் தெரியும்; ஆனாலும் மெசியாவின் வருகைக்கு ஆயத்தம் என்றாலே மக்கள் வாய்திறந்து தங்கள் குற்றத்தைச் சொன்ன காட்சியோடுதான் நற்செய்தி தொடங்குகிறது.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் 'கால்' எனப்பட்ட நாட்டின் (இன்றைய பிரான்சு) மாக்கோன் நகரில் கூடிய ஆயர் மன்றம், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்து பிறப்பு வரை திங்கள், புதன், வெள்ளி ஆகிய கிழமைகளில் நோன்பு இருக்கச் சொன்னது; திருப்பலியையும் தவக்கால முறைப்படி நிறைவேற்றச் சொன்னது. பைசாந்திய மரபு என்னும் கீழை வழிபாட்டு மரபைச் சேர்ந்த கத்தோலிக்கர் இன்றும் நவம்பர் 15 முதல் 40 நாள் நோன்பைப் பேணி வருகின்றனர். நம் குருக்கள் இப்போதும் ஊதா உடைதானே அணிகிறார்கள்? 'உன்னதங்களிலே' கீதமும் பாடப்படுவதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருவருகைக் காலம் கிறிஸ்து பிறப்பை மட்டும் நோக்கியதன்று. டிசம்பர் 16 வரையுள்ள வாசகங்களும் மன்றாட்டுகளும் பெரும்பாலும் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியவை. 17 முதல் 24 வரையுள்ள நாட்கள்தாம் பெத்லகேமை நேரடியாக நோக்குகின்றன. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து இவற்றுக்கு இடையில் மூன்றாவது வருகை ஒன்றைச் சொன்னார்: உள்ளத்துக்குள் மறைவாக நிகழும் வருகை. பாவசங்கீர்த்தனத்தை நான் அந்த நடு வருகையோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

மூன்றாம் மெழுகுதிரி

அம்மா, தங்கள் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. தவக்காலத்தில் அல்லேலூயாவை விட்டுவிடுகிறோம், திருவருகைக் காலத்தில் விடுவதில்லை. மூன்றாம் ஞாயிறன்று ஊதாவுக்குப் பதிலாக இளஞ்சிவப்பு உடையே அணியலாம். மகிழுங்கள், ஆண்டவர் அண்மையில் இருக்கிறார் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதிய வரிகளே அந்த நாளுக்குப் பெயரும் கொடுத்தன. இப்படியொரு காலத்தை இன்னொரு சிறிய தவக்காலமாக மாற்றிவிட்டால், நம்மில் பலர் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கும் குற்ற உணர்வுக்கு மேலும் நான்கு வாரங்கள் கூடிவிடும். கடவுளின் வருகையை எதிர்நோக்கச் சொன்னால் நாம் நம்மையே நோக்கிக்கொண்டிருப்போம் என்பதுதான் என் அச்சம்.

பழைய பாடம்

அந்த அச்சம் நியாயமானதே. விருந்தாளி வருமுன் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்னும் உவமையைக் கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. வெள்ளையடிப்பவர்களுக்கு விருந்தாளியின் நினைவே வருவதில்லை. ஆனால் மனமாற்றம் என்பது தன்னையே துருவிப் பார்த்துக்கொண்டிருப்பதும் அன்று. பழைய மறைக்கல்வி நூல்களில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும் என்று மனப்பாடம் செய்தோம்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துதல்), பிரதிக்கினை (இனிச் செய்வதில்லை என்ற உறுதி), குருவிடம் அறிக்கையிடுதல், அபராதம் தீர்த்தல் (குரு கொடுக்கும் பரிகாரத்தைச் செய்தல்). ஐந்தில் ஒன்று மட்டுமே தன்னைப் பார்ப்பது. மற்ற நான்கும் நம்மை வெளியே இட்டுச் செல்பவை.

வரப்பு

தொடங்கியவரின் இரண்டாம் கேள்வியை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் முதன்மையானதாகத் தோன்றுகிறது. கடைசி மாலையில் போவதில் குறை உண்டு என்பது என் கருத்து. என் காரணத்தைச் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டுச் சுழற்சியில் திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு அன்று லூக்கா 3-இல் ஒரு பகுதி வாசிக்கப்படும். மக்கள் யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் யாரையும் அழச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிர்ந்துகொள்ளட்டும் என்கிறார். வரி தண்டுபவரிடம், குறிக்கப்பட்ட தொகைக்குமேல் தண்டாதீர்கள் என்கிறார். படைவீரரிடம், யாரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்காதீர்கள், உங்கள் ஊதியமே போதும் என்றிருங்கள் என்கிறார். ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி விடை. இவற்றில் எதையும் டிசம்பர் 24 இரவு ஏழு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் செய்து முடிக்க முடியாது.

கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 1459-ஆம் எண்ணைப் படித்துப் பாருங்கள். பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, ஆனால் அந்தப் பாவம் விளைவித்த சீர்கேடுகள் அனைத்தையும் அது சரிசெய்துவிடுவதில்லை என்று அங்கே இருக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுப்பது, கெடுத்த பெயரை மீட்டுத் தருவது, காயப்படுத்தியவருக்கு ஈடு செய்வது ஆகியவை நீதி கேட்கும் கடமைகள் என்றே அது சொல்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் உடன் வேலை செய்த ஒருவரைப் பற்றி, உறுதி இல்லாத ஒரு செய்தியை மூன்று பேரிடம் சொன்னேன். திருவருகைக் காலத்தின் முதல் வாரத்தில் அதை அறிக்கையிட்டபோது, "அந்த மூன்று பேரிடமும் போய் நீங்கள் சொன்னது தவறு என்று சொல்லுங்கள், கிறிஸ்து பிறப்புக்குள் முடித்துவிடுங்கள்" என்றார் குருவானவர். ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையே கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்தேன். முதலாமவரிடம் சொல்ல ஒரு வாரம் பிடித்தது. இரண்டாமவர் சிரித்துவிட்டு, எனக்கு அப்போதே தெரியும் என்றார். அது இன்னும் வலித்தது. மூன்றாமவரைச் சந்தித்தபோது டிசம்பர் 21 ஆகியிருந்தது. கடைசி மாலையில் போயிருந்தால் அந்த ஆண்டின் திருவருகைக் காலம் எனக்கு வாய்த்தே இருக்காது.

திருவருகைக் காலம் ஆண்டுக்கு ஏற்ப 22 முதல் 28 நாட்கள் வரை நீளும். முதல் வாரத்தில் அறிக்கையிட்டால் மிச்ச நாட்கள் நம் கையில் இருக்கின்றன.

ஏட்டுச்சுவடி

வரப்பு சொன்னது நல்ல அறிவுரை என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவுரையை விதியாக ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். 24 மாலையில் பெற்ற பாவமன்னிப்பு, முதல் வாரத்தில் பெற்றதைவிட எள்ளளவும் குறைந்ததன்று. ஈடு செய்வோம் என்ற உண்மையான உறுதி அப்போது இருந்தால் போதும். செயலை அதற்குப் பிறகு நிறைவேற்றலாம், கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த பின்னும்கூட நிறைவேற்றலாம். வேலையின் காரணமாகவோ நோயின் காரணமாகவோ கடைசி நாளில்தான் வர முடிகிறவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு, இனி போய் என்ன பயன் என்று திரும்பிவிடக் கூடாது.

கடைசி நாளின் நெரிசலைப் பற்றிய இரண்டு தவறான எண்ணங்களையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பொது ஒப்புரவு வழிபாட்டில் கலந்துகொண்டு எல்லாரோடும் சேர்ந்து மன்றாடிவிட்டால் பாவமன்னிப்புப் பெற்றாயிற்று என்று சிலர் நினைக்கிறார்கள். 1973-இல் வெளியான ஒப்புரவுச் சடங்குமுறை மூன்று வடிவங்களைத் தந்தது. பங்குகளில் திருவருகைக் காலத்தில் வழக்கமாக நடப்பது இரண்டாம் வடிவம்; அதில் வாசகமும் மன்றாட்டும் பொதுவானவை, அறிக்கையும் மன்னிப்பும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே. தனி அறிக்கை இல்லாமல் அனைவருக்கும் ஒருசேர மன்னிப்பு அளிக்கும் மூன்றாம் வடிவம், சாவு நெருங்கிய ஆபத்துக்கும் மிகக் கடுமையான தேவைக்கும் மட்டுமே உரியது. பெரிய திருநாளுக்குக் கூட்டம் கூடிவிட்டது, குருக்கள் போதவில்லை என்பது மட்டுமே அதற்குப் போதிய காரணம் ஆகாது என்று 961-ஆம் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது.

அதைப் போலவே திருப்பலித் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவத்துயர்ச் செயலும் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு மாற்று அன்று. கனமான பாவ உணர்வோடு இருப்பவர் முதலில் அறிக்கையிட்டுவிட்டே நற்கருணை பெற வேண்டும். முக்கியமான காரணம் இருந்து, அறிக்கையிட வாய்ப்பே இல்லாத நிலையில், கூடிய விரைவில் அறிக்கையிடும் உறுதியை உள்ளடக்கிய உத்தம மனஸ்தாபத்தோடு (கடவுள்மேல் உள்ள அன்பினால் வரும் மனவருத்தத்தோடு) நற்கருணை பெறலாம் என்று 916-ஆம் சட்டம் இடமளிக்கிறது. அது விலக்கே தவிர வழக்கம் அன்று.

வாசலோரம்

வரப்பு எழுதியதைப் படித்த பின் இரண்டு நாட்கள் இந்தப் பக்கம் வரவில்லை. இப்போது வந்ததற்குக் காரணம், நான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொல்வதற்குத்தான்.

என் பட்டியலில் முதலில் வரும் 'கோபப்பட்டேன்' என்பது பொதுவான கோபம் அன்று. என் அண்ணன்மீது எனக்கு இருக்கும் கோபம் அது. எங்கள் தந்தை இறந்தபின் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது, அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து ஒரு தாளில் கையெழுத்து வாங்க ஆள் அனுப்பினேன். சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பங்கில் ஒரு பகுதி என்னிடம் வந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் என்னிடம் கடுமையாகப் பேசினார்; நானும் பேசினேன். நான் 15 ஆண்டுகளாக அறிக்கையிட்டு வந்தது என் கோபத்தை. எடுத்துக்கொண்டதை ஒருமுறைகூட அறிக்கையிட்டதில்லை.

இது ஏமாற்றிப் பெற்ற மன்னிப்பு ஆகிவிட்டதா? வேண்டுமென்றே மறைத்தேனா என்று என்னைக் கேட்டால், அதை ஒரு பாவமாக நினைத்துப் பார்க்கவே என் மனம் இடம் கொடுக்கவில்லை என்றுதான் சொல்ல முடியும். அண்ணன் பேசிய சொற்கள் அவ்வளவு பெரிதாக என் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றன.

பழைய பாடம்

தம்பி, முதலில் இதை எழுதியதற்கு நன்றி. இதற்குத் தீர்ப்புச் சொல்லும் இடம் இந்த இழை அன்று. அதைச் சொல்லவேண்டியவர் அருட்சாதனத்தில் உம் முன் அமர்பவர். பொதுவான போதனையை மட்டும் சொல்கிறேன். கனமான பாவம் என்று அறிந்தும் வேண்டுமென்றே மறைப்பவர், மன்னிப்புக்காக இறை இரக்கத்தின் முன் எதையும் வைக்கவில்லை. மறதியால் விட்டதும், உண்மையிலேயே அறியாமல் விட்டதும் அப்படிப்பட்டவை அல்ல. அவை மன்னிக்கப்பட்டவற்றோடு சேர்ந்தே போகின்றன, நினைவுக்கு வந்ததும் அடுத்த அறிக்கையில் சொல்ல வேண்டும். உமக்குள் நடந்தது இந்த இரண்டில் எது என்று நீரே தீர்மானிக்க முயலாதீர். இங்கே எழுதியதை அப்படியே குருவிடம் சொல்லும். அந்த 15 ஆண்டுகளை என்ன செய்வது என்று அவர் சொல்வார்.

வரப்பு

அண்ணா, இன்னொன்றையும் சொல்கிறேன். 'கோபப்பட்டேன்' என்ற சொல் எவ்வளவு வசதியானது என்று பாருங்கள். கனமான பாவங்களை அவற்றின் வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும் என்று 988-ஆம் சட்டம் கேட்பது கணக்குப் பார்ப்பதற்காக அன்று என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் விளங்கியது. வகையைச் சொல்லப் போனால்தான் கோபத்துக்கு அடியில் கிடப்பது களவு என்று தெரியவரும். அதே வேளையில் அண்ணன் உங்களை எப்படியெல்லாம் ஏசினார் என்பதை உள்ளே சொல்ல வேண்டியதில்லை. அவருடைய பாவத்தை அறிக்கையிட அவர் இருக்கிறார்.

காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொல்லும் மத்தேயு 5-ஆம் அதிகாரத்தைக் கவனித்துப் படித்திருக்கிறீர்களா? "உன் சகோதரன்மேல் உனக்கு மனத்தாங்கல் இருந்தால்" என்று அங்கே இல்லை. அவருக்கு உம்மேல் மனத்தாங்கல் இருப்பதாக நினைவுற்றால் என்றுதான் இருக்கிறது.

கடைசி இருக்கை

இந்த விவாதத்தை ஒரு வாரமாக ஓசையின்றிப் படித்து வருகிறேன். நான் அருட்சாதனத்துக்குப் போய் 22 ஆண்டுகள் ஆகின்றன. கோபித்துக்கொண்டு போனவன் அல்லன். ஒருமுறை தள்ளிப்போட்டேன், பிறகு தள்ளிப்போட்டதே வெட்கமாகிவிட்டது. மனஸ்தாப மந்திரம்கூட முழுதாக நினைவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. குருவானவர் என்னை அறிந்தவர் என்பதால் பிறகு அவரை எப்படிப் பார்ப்பது என்ற கூச்சமும் இருக்கிறது.

பழைய பாடம்

உள்ளே போனதும் "சாமி, 22 ஆண்டுகள் ஆயிற்று, எப்படிச் செய்வதென்று மறந்துவிட்டது, உதவி செய்யுங்கள்" என்று சொல்லும். அது போதும். மீதியை அவர் கேட்டுக் கேட்டு நடத்திக்கொள்வார். மந்திரம் நினைவில்லை என்றால் உம் சொந்தச் சொற்களில் வருத்தத்தைச் சொல்லலாம். தாளில் எழுதிக்கொண்டு போனாலும் தடையில்லை, பிறகு அதைக் கிழித்துப் போட மறக்காதீர். இருபத்திரண்டு ஆண்டுகளின் எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்ல யாராலும் முடியாது. அடிக்கடி, சில முறை, நீண்ட காலம் என்று நேர்மையாகச் சொன்னால் சரி. கூட்டம் நிறைந்த நாளைத் தவிர்த்து, முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போவது உமக்கு நல்லது.

தெரிந்த குருவிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு குருவிடம் போகலாம். எந்த வெட்கமும் இல்லை. முகம் தெரியாமல் தடுப்புக்குப் பின்னால் இருந்து அறிக்கையிடும் உரிமையும் உமக்கு உண்டு. மிலான் பேராயர் புனித சார்லஸ் பொரோமேயோ 16-ஆம் நூற்றாண்டிலேயே பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (குரு அமர்ந்து அறிக்கை கேட்கும் கூண்டில்) கம்பித்தடுப்பு வைக்கச் சொன்னார். இன்றைய சட்டமும் அதைக் கேட்கிறது.

ஏட்டுச்சுவடி

இரகசியத்தைப் பற்றியும் ஒரு சொல். 983-ஆம் சட்டப்படி அருட்சாதன முத்திரை மீற முடியாதது. எந்தக் காரணத்துக்காகவும், சொல்லாலோ வேறு எந்த வகையாலோ, குரு அறிக்கையிட்டவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. அதை நேரடியாக மீறும் குரு, அந்தச் செயலாலேயே திருச்சபைப் புறநீக்கத்துக்கு உள்ளாகிறார்; அந்தத் தண்டனையை நீக்குவது திருத்தந்தையின் ஆட்சிப்பீடத்துக்கே உரியது. இது பலருக்குத் தெரியும். 984-ஆம் சட்டம்தான் பலருக்குத் தெரியாது: வெளியே எதுவும் தெரியவராது என்ற நிலையிலும்கூட, அறிக்கையில் கேட்டறிந்ததை அறிக்கையிட்டவருக்குப் பாதகமாகக் குரு பயன்படுத்தவே கூடாது. எனவே கடைசி இருக்கை அவர்கள் வெளியே வந்த பின் குருவை எப்படிப் பார்ப்பது என்று தயங்கத் தேவையில்லை. அவருடைய பார்வை மாறக் கூடாது என்பதே சட்டம்.

மூன்றாம் மெழுகுதிரி

என் தயக்கத்தின் உண்மைக் காரணத்தை நானும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பாவ அச்சம் அளவுமீறி உண்டு. அறிக்கையிட்டுவிட்டு வெளியே வந்ததும், அதைச் சரியாகச் சொன்னேனா, இதை விட்டுவிட்டேனா என்று மனம் அரிக்கத் தொடங்கிவிடும். ஒரே வாரத்தில் மூன்று முறை போயிருக்கிறேன். வரப்பு எழுதியதைப் படித்த அன்று இரவு, கடந்த பத்து ஆண்டுகளில் யார்யாரைப் பற்றி என்னென்ன சொன்னேன் என்று பட்டியல் போட உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அறிவுரை உங்களைப் போன்றவருக்கு மருந்து, எனக்கு அது விடம்.

பழைய பாடம்

பட்டியலை மூடி வையும், மகளே. இதைத்தான் முன்பு நியாயமான அச்சம் என்றேன், ஆனால் அதன் வலியை நான் அறிந்திருக்கவில்லை.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இருந்தபோது இதே நோயில் கிடந்தார். வாழ்நாள் பாவங்கள் அனைத்தையும் குருவிடம் விரிவாக அறிக்கையிட்டு முடித்த பின்பும், எதையோ விட்டுவிட்டோம் என்ற எண்ணம் அவரை விடவில்லை. மிகத் தெளிவானதைத் தவிரப் பழைய பாவம் எதையும் மறுபடி சொல்லாதீர் என்று அவருடைய ஆன்ம குரு கட்டளையிட்டார். ஆனால் அவருக்கோ எல்லாமே மிகத் தெளிவாகத் தெரிந்தன! இறுதியில் பழையவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவு செய்தபோதுதான் விடுதலை கிடைத்தது.

உமக்கு ஒரே ஆன்ம குரு இருக்கட்டும். வேறு வேறு குருக்களிடம் மாறி மாறிப் போகாதீர். எப்போது வரலாம், எதைச் சொல்லலாம் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர். அரிப்பு தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரிடமும் காட்ட வேண்டும். அது விசுவாசக் குறைவு ஆகாது. இந்தத் திருவருகைக் காலத்தில் அல்லேலூயாவைப் பாடும், அதுவே உம் பங்கு.

வரப்பு

சகோதரி, மன்னியுங்கள். எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைத்து எழுதிவிட்டேன். வரி தண்டுபவருக்கு ஒன்றும் படைவீரருக்கு வேறொன்றுமாக யோவான் விடை சொன்னதை எடுத்துக்காட்டியவனே அதை மறந்துவிட்டேன்.

குருத்து

இடையில் ஒரு சிறு கேள்வி. வெளியூரில் வேலை செய்பவர்கள் தொலைபேசியிலோ காணொலியிலோ அறிக்கையிட முடியுமா?

ஏட்டுச்சுவடி

முடியாது. இணையத்தில் அருட்சாதனங்கள் இல்லை என்று சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை 2002-இலேயே தெளிவாக்கியது. தொலைபேசியில் குருவிடம் ஆலோசனை கேட்கலாம், மன்றாடச் சொல்லலாம்; பாவமன்னிப்புக்கு நேரில்தான் போக வேண்டும்.

வாசலோரம்

முதல் வாரம் முடிவதற்குள் போய்விட்டேன். வரிசை இல்லை, நான் ஒருவன்தான். ஏறத்தாழ 40 நிமிடங்கள் உள்ளே இருந்தேன். நான் இங்கே கேட்ட கேள்வியைக் குருவிடமும் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன விடை எனக்கு மட்டும் உரியது என்பதால் எழுதவில்லை. அபராதமாக அவர் கொடுத்ததை எழுதலாம் என்று நினைக்கிறேன்: அண்ணனுடைய பங்கு எவ்வளவு என்பதை நானாகக் கணக்குப் போடாமல், அவரையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பணத்தைக் கொடுப்பதற்கு நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். கேட்பதற்கு ஆயத்தமாக இல்லை.

திங்களன்று அழைத்தேன், எடுக்கவில்லை. புதனன்று அழைத்தபோது அண்ணி எடுத்து, அவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்றார். பின்னால் அவர் பேசும் குரல் கேட்டது. கடிதம் ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அதில் கோபத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அந்தத் தாளைப் பற்றியும், அவர் இல்லாத நேரம் பார்த்து ஆள் அனுப்பியதைப் பற்றியும் மட்டும் எழுதினேன். மூன்றாம் ஞாயிறு வர இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன.

கடைசி இருக்கை

நான் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு நேரம் கேட்டிருக்கிறேன். தாளில் எழுதத் தொடங்கினேன். ஒரு பக்கம் ஆகியிருக்கிறது. அண்ணன் பேசினாரா என்பதை மட்டும் இங்கே தெரியப்படுத்துங்கள்.